சாயங்கால ரயிலில் தெரியும் புகைபோக்கி

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து நான் ஏறும் சாயங்கால மின்சார ரயில் கும்மிடிப்பூண்டியை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், இடப்பக்கச் சன்னலில் ஒரு தளம் போட்ட வீடு வரும். அதன் தலையில் ஒரு புகைபோக்கி. ஆலைகளின் புகைபோக்கிகள் அந்தப் பக்கம் ஏராளம், அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது குடியிருக்கும் வீடு. துணிக்கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், தகரத் தொப்பி போட்டுக்கொண்டு, வீட்டுக்குச் சற்றும் பொருந்தாத பருமனில் நிற்கிறது. அதிலிருந்து புகை வந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இறங்கிப் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டினால் ஏதாவது சாதாரணக் காரணம் சொல்லிக் கதையைக் கெடுத்துவிடுவார்களோ என்று பயம். ஆகவே அந்த வீட்டுக்குள் இருப்பவர்களை நானே ரயிலில் உட்கார்ந்தபடி உண்டாக்கினேன். தொடக்கங்கள் இப்படிப் போயின:

“இம்மானுவேல் தளத்தில் ஓட்டை போட்ட அன்று வானம்—” [வேண்டாம். வானத்தில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.]

“ஷைனிக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.” [நல்ல தொடக்கம். ஆனால் இது ஷைனியின் கதை என்று நினைத்துவிடுவீர்கள்.]

“மகளிடம் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக இம்மானுவேல் ஓர் அடுப்பு கட்டினார்.” [முழுக் கதையும் வெளியே வந்துவிட்டது. பரவாயில்லை, இருக்கட்டும். ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது.]

2

இம்மானுவேல் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் ஃபிட்டர். உலைக்கு மேலே எழும் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் பெரிய குழாய்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. மனைவி ரோசம்மாள். ஒரே மகள் ஷைனி. அவள் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது கூட வேலை பார்த்த மோகன்ராஜை விரும்பி, பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மோகன்ராஜ் பெரியபாளையம் பக்கத்தில் நெல் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துப் பையன்.

இந்த மாதிரிக் கதையில் எந்த வீடு எதிர்க்கும் என்று நீங்கள் இந்நேரம் முடிவு செய்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எழுதப் போனால் நிலம் வைத்திருந்த வீடு ஒரு மாதம் முறைத்துவிட்டுச் சமாதானமாகிவிட்டது. சமாதானமாகாதவர் இம்மானுவேல்.

காரணம் இருந்தது. அவருடைய அம்மா அதே வீட்டு நிலத்தில்தான் களை எடுத்தார். சின்னப் பையனாக இம்மானுவேல் அவரோடு போனதுண்டு. தாகம் எடுத்தால் பின்வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த மருமகள் சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவார். அம்மா இரண்டு கையையும் குழித்து, குனிந்து குடிப்பார். சொம்பு கையில் பட்டுவிடக் கூடாது. அந்த மருமகள் கெங்கம்மாள். இன்றைக்கு அவர் மோகன்ராஜின் அம்மா.

மகள் தாலியோடு வாசலில் வந்து நின்றபோது இம்மானுவேல் சொன்னது இது:

“எங்கம்மா கையேந்தி தண்ணி குடிச்ச ஊட்டுக்கு மருமவளா பூட்டியா நீ? இனிமே இந்த ஊட்ல உனுக்கு ஒரு சொம்பு தண்ணி கெடையாது.”

ஷைனி அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். மோகன்ராஜ்தான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

[முதல் படியில் இம்மானுவேலை ‘அவன்’ என்றும் கெங்கம்மாளை ‘அவர்’ என்றும் எழுதியிருந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாக எழுதியிருக்கிறது. திருத்திவிட்டேன். திருத்தியது தெரியட்டும் என்று இதையும் விட்டுவைக்கிறேன்.]

3

ரோசம்மாள் மகளோடு போனில் பேசுவது இம்மானுவேலுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது ரோசம்மாளுக்கும் தெரியும். மாடியில் துணி எடுக்கப் போகிறேன் என்று போவார், துணி இல்லாமல் திரும்பி வருவார். ஷைனி முழுகாமல் இருக்கும் செய்தி அப்படி மாடியில் இருந்துதான் வீட்டுக்குள் இறங்கியது. ஐப்பசி கழிந்ததும் பிரசவம் இருக்கும் என்றார்கள். அடைமழைக் காலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றாமலே இம்மானுவேல் சொன்னார்:

“பின்னாடி ரூம்ல ஒரு வெறகு அடுப்பு கட்டப் போறேன். அண்டா பதிக்கிற மாதிரி.”

“இன்னாத்துக்கு? கேஸ் கீது, கீசர் கீது.”

“மழ வந்தா கரண்ட் எங்க இருக்குது? போன வாட்டி வெள்ளத்துல மூணு நாளு இருட்டுல கெடந்தமே.”

இந்த வீட்டில் இரண்டு பேர்தான். அண்டா நிறைய வெந்நீர் அவர்கள் இருவருக்கும் எதற்கு? பிள்ளை பெற்றவளுக்குத்தான் அத்தனை சூட்டில், அத்தனை தண்ணீர் இடுப்பில் அடித்து ஊற்ற வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவாள் என்பதை அந்த மனிதர் செங்கல்லாலும் இரும்பாலும் சொல்கிறார். அது ரோசம்மாளுக்குப் புரிந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்.

“பொக?”

“பொகைய நான் பாத்துக்கறேன். அதானே என் பொழப்பு.”

* ஏன் வெளியே மூன்று கல் வைத்து மூட்டக் கூடாது என்று கேட்கலாம். மழையில் மூட்ட முடியாது. உள்ளே புகைபோக்கி இல்லாமல் மூட்டினால் பச்சைக் குழந்தைக்கு ஆகாது. இம்மானுவேல் குழந்தையைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் அறையைத் தொட்டில் கட்டும் இடத்திலிருந்து அளந்து பார்த்தார்.

4

இந்தப் பகுதியை எழுதும்போதுதான் நான் சந்தோஷமாக இருந்தேன். அவரும் அப்படித்தான் இருந்திருப்பார்.

கூட வேலை செய்யும் பீட்டர், பழைய இரும்புக் கடையில் கனமான தகட்டில் ஒரு குழாய் பிடித்துக் கொடுத்தார். இம்மானுவேல் செங்கல் வைத்துக் களிமண் பூசி அடுப்பைக் கட்டினார். வாய்க்கு இரும்புக் கதவு. தளத்தில் வட்டம் போட்டு, கம்பி அறுபடாமல் பார்த்து ஓட்டை போட்டார். அறையெல்லாம் சிமெண்ட் தூள். ஓட்டை வழியாக வெயில் விழுந்ததும் ரோசம்மாள் அண்ணாந்து பார்த்து, “நல்லா இருந்த ஊட்ட பொத்தல் பண்ணிட்ட” என்றார். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த கிண்டல் அது. குழாயைச் சுற்றி மழை இறங்காமல் பட்டை அடித்து, உச்சியில் தொப்பி வைத்து, மாடியில் இருந்து இறங்கி வந்தபோது இம்மானுவேல் பத்து வயது குறைந்து தெரிந்தார்.

அடுப்பை மூட்டினார்கள். புகை ஒரு துளி உள்ளே நிற்கவில்லை. தீ ஊளையிட்டுக்கொண்டு மேலே போனது. சவுக்குக் கட்டை ஒரு கட்டு எரிந்து தீர்ந்தது. அண்டாவில் கை வைத்துப் பார்த்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

இம்மானுவேல் இன்னொரு கட்டு வைத்தார். அதுவும் போயிற்று.

“பொக பூட்ச்சி,” என்றார் ரோசம்மாள். “கூடவே சூடும் போய்க்கினு கீது.”

ஆலைக் கணக்கில் குழாய் வைத்துவிட்டார். ஆலையில் புகை வெளியே போனால் போதும், சூட்டைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. இருபத்தைந்து வருடம் புகையை வெளியேற்றிய மனிதருக்கு வீட்டில் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. மறுநாள் குழாயின் கழுத்தில் ஒரு கோடு அறுத்து, உள்ளே நகரும் தகடு ஒன்று செருகி, பிடி வைத்தார். தகட்டைப் பாதி மூடினார்கள். தீ அமைதியானது. கொஞ்ச நேரத்தில் அண்டா முனகத் தொடங்கியது.

[இதைப் பிடித்துக்கொண்டு, ‘வீட்டுக்குப் புகைச்சல் வரக் கூடாது என்று மகளை வெளியே தள்ளினார், சூடும் கூடவே போயிற்று’ என்று எழுத என் கை அரிக்கிறது. எழுத மாட்டேன். எழுதிவிட்டேனோ?]

5

கொதித்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றார்கள்.

“கூப்புடு,” என்றார் ரோசம்மாள்.

“நீயே சொல்லேன். நீதான் பேசிகினு கீறியே.”

“தண்ணி கெடையாதுன்னு நானா சொன்னேன்?”

இம்மானுவேல் போனை எடுத்தார். ஷைனி உடனே எடுத்தாள், அதுவே அவரைத் தடுமாற வைத்தது. அடுப்பைப் பற்றிச் சொன்னார். குழாயின் பருமன், தகடு, பிடி, மழைக்குப் பட்டை. ஷைனி கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்ல வேறெதுவும் மிச்சம் இல்லாமல் போனபோது, “வந்துடுறியா?” என்றார்.

“போன்ல கூப்ட்டா எப்டி நைனா வர்றது?”

“கார் அனுப்பறேன்.”

“நைனா. பொண்ண பெத்தவங்க வந்து, ஒக்காந்து, கூட்டிகினு போவாங்க. நந்தினி அண்ணிய அப்டிதான் கூட்டிகினு போனாங்க.” நந்தினி அந்த வீட்டின் மூத்த மருமகள். ஷைனி தொடர்ந்தாள்: “நீ இங்க வா. முன்வாசல்ல வா. கூடத்துல ஒக்காந்து ஒரு டம்ளர் தண்ணி குடி. நான் பையி எடுத்துகினு வந்துடுறேன்.”

“எனுக்கு அந்த ஊட்ல தண்ணி எறங்காதும்மா.”

“எனுக்கு எறங்குதே,” என்றாள் அவள். “தெனம் குடிக்கிறேனே.”

இந்த இடத்தில்தான் எனக்கு இம்மானுவேல் மேல் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக வருத்தமும் வந்தது. தளத்தையே உடைத்து ஓட்டை போட்ட மனிதர், ஒரு வாசற்படி ஏறுவதைத் தவிர்ப்பதற்காகத்தான் அத்தனையும் செய்திருக்கிறார். அவர் அம்மாவின் குழித்த கைகளை நினைத்தால் அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

6

முடிவுகள்.

(அ) அவர் போகவில்லை. ஷைனி ஆஸ்பத்திரியில் இருந்து நேராகப் புகுந்த வீட்டுக்குப் போனாள். அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது. புகைபோக்கியில் புகை இல்லாததற்கு இது பொருந்துகிறது. நான் ரயிலில் தயாரித்து வைத்திருந்த முடிவு இதுதான்.

(ஆ) போனார். பெரியபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு டீ குடித்து, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார். [இது (அ)வை விட மோசம். இந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடித்த பிறகு இப்படிச் செய்ய முடியாது.]

(இ) போனார். முன்வாசலில் செருப்பைக் கழற்றினார். மோகன்ராஜ் ஓடி வந்து நாற்காலி போட்டான். ஷைனி கதவோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பை பக்கத்திலேயே தயாராக இருந்தது. உள்ளிருந்து கெங்கம்மாள் வந்தார். முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடந்தார். கையில் எவர்சில்வர் டம்ளர். “வாங்க சம்மந்தி,” என்றார், “வெயில்ல வந்துகீறீங்க” என்று சொல்லி நீட்டினார். கை தாழ்ந்துதான் இருந்தது. அவருக்கு அந்தப் பின்வாசல் நினைவிருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. இம்மானுவேல் டம்ளரைப் பார்த்தார். அவர் கை

[இதற்கு மேல் எழுத முயன்ற நான்கு வரிகளையும் அடித்துவிட்டேன். அவரைக் குடிக்க வைப்பது எனக்கு ஒரு வரி வேலை. குடித்தது நானாகத்தான் இருக்கும், அவராக இருக்காது.]

7

(இ)யை நான் நம்ப மறுத்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. அவர் குடித்திருந்தால் ஷைனி வந்திருப்பாள், அடுப்பு எரிந்திருக்கும், எனக்குப் புகை தெரிந்திருக்கும். இதை எழுதி வைத்துவிட்டு ரயிலில் உட்கார்ந்திருந்தபோது ரோசம்மாள் எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். பாத்திரங்கள் இப்படி வந்து உட்காரக் கூடாதுதான்.

“புள்ள பெத்தவளுக்கு எப்போ தண்ணி ஊத்துவாங்க, தெரியுமா உனுக்கு?” என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

“வெயில் ஏறுனப்புறம். காலீல பத்து மணிக்கு மேல. நீ சாயங்காலத்துல போய்க்கினு பொக வர்லன்றியே, அந்நேரத்துக்கு எவ அடுப்பு மூட்டுவா?”

இந்தக் கதையின் துக்கம் முழுவதையும் நான் தவறான ரயிலில் உட்கார்ந்து சேகரித்திருக்கிறேன். “அப்படியானால் ஷைனி வந்துவிட்டாளா?” என்று கேட்டேன். ரோசம்மாள் எழுந்து போய்விட்டார். கவரைப்பேட்டை வந்திருந்தது.

ஒரு நாள் விடுப்புப் போட்டால் போதும், பத்து மணி ரயிலில் போய்ப் பார்த்துவிடலாம். நான் இன்னும் போடவில்லை. அந்த நேரத்திலும் புகை இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பயம். மழை தொடங்கிவிட்டது. இப்போதெல்லாம் ரயிலில் வலப்பக்கம்தான் உட்காருகிறேன்.

உங்களில் யாராவது காலை பத்து மணிக்கு மேல் கும்மிடிப்பூண்டியிலிருந்து அந்த வழியாக வந்தால் இடப்பக்கம் பாருங்கள். தொட்டிக்குப் பக்கத்தில், தொப்பி போட்டிருக்கும். சீக்கிரம் போனால் நல்லது. கெங்கம்மாளுக்கு வயதாகிவிட்டது, அந்த டம்ளரை அவர் இன்னும் நீட்டிக்கொண்டே நிற்கிறார்.