டீச்சர் நாற்காலியில் மஞ்சள் ரிப்பன்

மார்ச் கடைசியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த ஆண்டவரே வந்தாலும் உட்கார வைக்க முடியாது. பரீட்சை முடிந்துவிட்டது. புத்தகங்களைத் திருப்பி வாங்கியாயிற்று. சுவரில் இருந்த படங்களையும் உரித்தாயிற்று. ஆனாலும் ரிசல்ட் நாள் வரைக்கும் பிள்ளைகள் வந்தே ஆக வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. வந்து என்ன செய்யும்? கத்தும். எப்சிபா டீச்சருக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது.

வளைகுடாவில் இருக்கும் ருவைஸ், எண்ணெய் ப்ளாண்டுக்காகவே எழும்பிய ஊர். அப்பாவுக்கு வேலை இருக்கும் வரை வீடு, விசா, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. வேலை போனால் எல்லாமே கலாஸ், முடிந்தது. அதனால் வருஷா வருஷம் மார்ச்சில் சில பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும், ஏப்ரலில் மற்றதுகள் அதுகளைத் தேடிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் எப்சிபா ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தாள். யார் ஊரைவிட்டுப் போகிறார்களோ, அவர்கள் நாற்காலியில் கூட்டாளிகள் மஞ்சள் ரிப்பன் கட்ட வேண்டும். ரிப்பன் நாற்காலிக்காரருக்கு அன்று முழுக்க ராஜ மரியாதை. சாக்லேட் உண்டு, பாட்டு உண்டு, கணக்குக் கேள்வி கிடையாது.

அன்று ஜெனினின் முறை. அவள் அப்பா தம்மாமில் வேறு வேலை பார்த்துக்கொண்டார். ரிப்பனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, எப்சிபா வெந்நீர் குடிக்க ஸ்டாஃப் ரூமுக்குப் போய்த் திரும்பினாள். ஜெனின் நாற்காலியில் ரிப்பன் இருந்தது. எப்சிபாவின் நாற்காலியிலும் இருந்தது, அதைவிடப் பெரிய முடிச்சாக.

“இது யார் வேலை?”

வகுப்பே வாயை மூடிக்கொண்டது. சூப்பர்வைசர் வந்து நின்றாலும் அடங்காத கூட்டம் இது.

ஜெனின் எழுந்து வந்து தன் சாக்லேட்டில் பாதியை உடைத்து நீட்டினாள். “மிஸ், யூ ஆர் ஆல்ஸோ கோயிங், நோ?”

“நான் எங்கேயும் போகலையே!”

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க வந்தவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்களே, அந்த மாதிரி.

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தன்னைத்தான் பள்ளிக்கூடத்தில் வேலையைவிட்டு எடுத்துவிட்டார்களோ? பக்கத்து வகுப்பு ஆயாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் கனகாவிடம் ஓடினாள்.

“சே சே, உங்களை யாரு எடுப்பா? அடுத்த வருஷம் உங்களுக்கு மூணாம் வகுப்பு” என்றார் கனகா. அப்புறம் மேஜையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டு, “நீங்க இங்க இருக்கிற வரைக்கும் உங்க வேலை உங்களுக்குத்தான். தைரியமா இருங்க எப்சிபா” என்றார்.

“எதுக்கு மேடம் தைரியம்?”

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கனகா அதைப் பாய்ந்து எடுத்த வேகத்தில் எப்சிபாவின் குழப்பம் இரட்டிப்பானது. இருக்கிற வரைக்கும் என்றால் என்ன அர்த்தம்?

வகுப்புக்கு வந்து நேரே ரோஹித்திடம் போனாள். ப்ளாண்டில் அவள் கணவன் கிளிட்டஸுடன் வேலை பார்க்கும் செல்வசிங்கின் மகன். முடிச்சுப் போடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

“நீதானே கட்டினே?”

“ஆமா மிஸ்.” அவன் ரிப்பன் முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “கிளிட்டஸ் அங்கிள் செக்ஷன் ஃபுல்லா கலாஸ்னு டாடி சொன்னாங்க. அங்கிள் போனா நீங்களும் போகணும்ல? மிஸ்கிட்ட அதக் கேக்காத, அழுவாங்கன்னு மம்மி சொன்னாங்க. ஆனா எல்லாருக்கும் நீங்க கட்டுறீங்க, உங்களுக்கு மட்டும் யாரும் கட்டலேன்னா பாவம்ல மிஸ்.”

எப்சிபா ரிப்பன் கட்டிய தன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். டீச்சர் தயாராகிவிட்டார் என்று நினைத்து, பிள்ளைகள் சந்தோஷமாகப் பாட ஆரம்பித்துவிட்டன.

சாயங்காலம் வரை அவளுக்குள் கோபம் கொதித்துக்கொண்டே இருந்தது. ஊருக்கே தெரிந்திருக்கிறது, ஏழு வயதுப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது, கட்டிய பெண்டாட்டிக்குத் தெரியவில்லை. மகனுக்குத் தூத்துக்குடியில் காலேஜ் இன்னும் முடியவில்லை. காலையில்கூட அந்த மனுஷன் இட்லிக்குச் சட்னி காரம் என்று குறை சொல்லிவிட்டுத்தானே டியூட்டிக்குப் போனார்! வரட்டும், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடலாம் என்று கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

கிளிட்டஸ் வந்து ஷூவைக் கழற்றக் குனிந்தார்.

“உங்க வேலை விஷயம்…” என்றுதான் ஆரம்பித்தாள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “கடைசில நீயே எடுத்துட்ட பிள்ள. நாந்தான் மொதல்ல பேசிருக்கணும். வாய் வரல.”

எப்சிபா இருந்த இடத்திலிருந்து எழுந்தாள்.

“நோட்டீஸ் குடுத்த அன்னைக்கே ஸ்கூல்ல பொம்பளைங்க யாராவது உங்கிட்ட சொல்லிருப்பாவன்னு எனக்குத் தெரியும். அழுவ, சண்ட போடுவன்னு பயந்துகிட்டேதான் படியேறுனேன். நீ என்னடான்னா சீலா மீன் கொழம்பு வச்சிருக்க! இந்த வாட்டி ஊருக்கு ஒண்ணும் வாங்காண்டாம், இருக்கதே போதும்னு வேற சொன்ன. அதக் கேட்டப்பறந்தான் எனக்குச் சோறே எறங்குச்சு.”

அன்றைக்குக் கடையில் மீன் மலிவு. ஊருக்கு ஒன்றும் வாங்க வேண்டாம் என்று சொன்னது, போன தடவை ஏர்போர்ட்டில் பெட்டி எடை கூடிப்போய் எல்லார் முன்னாலும் பிரித்துக் கொட்டிய அவமானத்தில். வேறு ஒரு மண்ணும் இல்லை.

“சைட்ல அவனவன் வீட்டுக்குப் போகப் பயந்துகிட்டு நிக்கான்” என்றார் கிளிட்டஸ். “எனக்கு வீட்டுக்கு வாரதுதான் ஆறுதலா இருந்துச்சு. தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலியே நீ. அந்த ஒண்ணுதான் என்ன நிமித்தி வச்சிருக்கு.”

எனக்குத் தெரியாது என்று சொல்ல எப்சிபாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அவருடைய அந்த ஆறுதலுக்கு என்ன ஆகும்? அவளுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தவர், ஏமாற்றவில்லை. தெரிந்தும் கேட்காமல் இருந்தாள் என்று அவர் கும்பிடுகிற அந்த நல்ல காரியத்தை அவளும் செய்யவில்லை. அப்படியானால் யாரிடம் கோபப்படுவது? ஒன்றுமே விளங்கவில்லை. மகன் படிப்பு, இந்த வீடு, கிடைக்காமல் போகப்போகிற மூன்றாம் வகுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சில் வந்து விழ, அவள் வாய்விட்டு அழுதாள்.

கிளிட்டஸ் எழுந்து வந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“அழு பிள்ள, நல்லா அழுதுரு. இத்தன நாளும் எப்படித்தான் அடக்கி வச்சிருந்தியோ.”