சமையலறைக் குழாய்

1

இந்தக் கதை எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்லயே சொல்லிடறேன். நானா தேடிப் போகலை. எங்க தெரு சலவைக்கடைக்காரி என் வீட்டு வாசல்ல வந்து தண்ணி ஆபீஸ் அறிக்கைத் தாள் ஒண்ணை நீட்டினா. "அக்கா, உங்களுக்குத்தான் எழுத்து வருமே. தண்ணி ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க"ன்னா.

அவ கேட்டது மனு. நான் எழுதறது கதை. மூணு வாரமா.

அவ கஷ்டம் இதுதான். எங்க தெருத் தண்ணி கல்லு, அவ்வளவு உப்பு. அவ மெஷினுக்குள்ள தண்ணியைச் சுட வைக்கிற கம்பி மேல உப்பு படிஞ்சு படிஞ்சு, கம்பியே வெடிச்சுப் போச்சு. ஒரு வருஷத்துல ரெண்டு மெஷின் அவுட்டு. இன்னும் ஒண்ணுதான் ஓடுது, அதுவும் முனகுது. அதுவும் போச்சுன்னா கடையை மூடணும். மெஷின் கம்பெனிக்காரன் வந்து பார்த்துட்டு, "தண்ணி ஆபீஸ் அறிக்கையில உங்க தெருத் தண்ணி உப்பு கம்மியான மெதுத் தண்ணின்னு இருக்கு. கடினம் வெறும் நாப்பது. நீங்கதான் மெஷினைச் சரியா பராமரிக்கலை"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

"நாப்பதாம் அக்கா. சோப்பு நுரைக்குதா சொல்லுங்க. வெள்ளைத் துணி அட்டை மாதிரி விறைச்சு நிக்குது. மடிச்சா ஒடிஞ்சிடும் போல."

அவ அந்த நாப்பதைத்தான் பார்த்தா. நான் அதுக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் பார்த்தேன். மாதிரி எடுத்த இடம்: எங்க வீட்டு நம்பர். சமையலறைக் குழாய்.

2

முதல் தொடக்கம்: "நகரத்தின் தாகம் தீர்க்கும் நீர் தன்னுள் எத்தனை இரகசியங்களைக் கரைத்து வைத்திருக்கிறது..."

அடிச்சாச்சு. இப்படி எழுதினா நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "தண்ணீர் அலுவலகத்தில் மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தவன் ஒரு சோம்பேறி. ஒவ்வொரு முறையும் அவன்"

இதுக்கு மேல ஓடலை. சோம்பேறின்னு எழுதினது பொய். அவன்னு எழுதவும் கை வர மாட்டேங்குது. அவர் என் மாப்பிள்ளை. மகளைக் கட்டினவர்.

3

சரி, ஒளிச்சு என்ன ஆகப்போகுது. மூணு மாசத்துக்கு ஒரு தரம் பாட்டிலோட வருவார். சமையலறைக் குழாயைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து ரெண்டு நிமிஷம் ஓட விட்டு, பிடிச்சு, மூடி, லேபிள் ஒட்டுவார். எல்லாம் ஒழுங்கு. அப்புறம் உட்கார்ந்து டீ குடிப்பார்.

அந்தக் குழாய்க்குக் கீழே, அலமாரிக்குள்ள, உப்புப் போட்டுக் கல்லுத் தண்ணியை மெதுத் தண்ணியா மாத்துற பெட்டி ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி மாட்டினது. மாட்டினது யாருன்னு கேளுங்க. இவரேதான். "இந்தத் தண்ணியை எப்படி அத்தை குடிக்கறீங்க"ன்னு தரையில மல்லாந்து படுத்துத் திருகினார். நல்ல மனுஷர். (இந்த இடத்துலதான் கதாபாத்திரம் எனக்குச் சரிப்பட்டு வரலை. கெட்டவரா இருந்தா எழுதறது சுலபம்.)

போன ஞாயித்துக்கிழமை பாட்டில் இல்லாம சும்மா வந்தப்ப கேட்டே புட்டேன்.

"மாப்பிள்ளை, பெட்டி வழியா வர்ற தண்ணியைத்தானே பிடிச்சுட்டுப் போறீங்க?"

"ஆமா அத்தை."

"மத்த வீட்டுல பெட்டி இல்லையே."

"ஃபாரத்துல சமையலறைக் குழாய்னு இருக்கு. இது சமையலறை. இது குழாய்."

"வாசல் குழாய்ல பெட்டி கிடையாது. அதுல பிடிச்சா என்ன?"

"அது வாசல் குழாய் அத்தை."

"பக்கத்து வீட்டுச் சமையலறை?"

"அவங்க கதவைத் திறக்க மாட்டாங்க. நீங்கதான் டீ தர்றீங்க."

இதையே என் மகன் சொல்லியிருந்தா கரண்டி பறந்திருக்கும். மாப்பிள்ளையாப் போயிட்டார். "இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா"ன்னு கேட்டேன்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒண்ணு: மகளுக்கு போன் போட்டுச் சொன்னேன். "அம்மா, அவருக்கு வேலை போச்சுன்னா ரெண்டு பசங்களையும் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்குத்தான் வருவோம். பார்த்து எழுது"ன்னா. மிரட்டலா பாசமான்னு இன்னும் விளங்கலை.

4

முடிவுகள்.

அ: அடுத்த வாரம் அவர் பாட்டிலோட வர்றதுக்கு முன்னாடி நான் பெட்டியை அணைச்சு வச்சுடறேன். பாட்டில்ல நிஜத் தண்ணி போகும். கடினம் முந்நூத்தி எண்பதுன்னு வரும். அப்ப ஆபீஸ்ல கேப்பான், "போன தடவை நாப்பது, இப்ப இது. நடுவுல மலை கிலை கரைஞ்சுச்சா?" கேள்வி யார்கிட்ட வரும்? அடிச்சாச்சு.

ஆ: மாப்பிள்ளை மனம் திருந்தி அவரே அதிகாரிகிட்டப் போய்... (சிரிக்காதீங்க. அடிச்சாச்சு.)

இ: "மூன்று இயந்திரங்களும் வண்டியில் ஏறின. கடைக்காரி பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். தெருவில் யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை."

இதை ஒரு அடித்தல் இல்லாம ஒரே மூச்சுல எழுதினேன். அதுதான் எனக்குப் பிடிக்கலை.

நேத்து மதியம் அவ வந்தா, என் போர்வையை மடிச்சு எடுத்துக்கிட்டு. மெஷினை நம்பாம கையால துவைச்சாளாம். நுரைக்காத சோப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு விரல் நுனி எல்லாம் வெடிச்சிருந்துச்சு.

"மனு ஆச்சா அக்கா?"

"எழுதிக்கிட்டே இருக்கேன்மா."

"ஒரு பக்கம்தானே? பெரிய காவியம் எழுதற மாதிரி இழுக்கறீங்க."

"கொஞ்சம் நீண்டு போச்சு."

"நீளமா இருந்தா ஆபீஸ்ல படிக்க மாட்டாங்க அக்கா. தண்ணி கல்லு, கடை மூடப்போகுதுன்னு ரெண்டு வரி போதும்."

என்னை விட நல்லா எழுதறா.

5

இதுவரைக்கும் கம்ப்யூட்டர்ல எழுதினதைத் தாள்ல பார்த்தாத்தான் எனக்குத் திருத்த வரும். தெருவுல பிரிண்டர் இருக்கறது ஒரே இடத்துலதான். சலவைக்கடை ஓரத்துல. ஒவ்வொரு தாளா அவளே எடுத்துத் தட்டி அடுக்கித் தருவா. அடுக்கும்போதே படிச்சுடுவா. அடுத்தவங்க கரண்ட் பில்லையே விடாமப் படிக்கிறவ.

பஸ் ஏறிப் போனா இன்னொரு கடை இருக்கு. அங்க என்னை யாருக்கும் தெரியாது. அங்க அச்சடிச்சா இது வெறும் கதை. இவகிட்ட அச்சடிச்சா இதுதான் மனு.

நீங்க இதைப் படிக்கறீங்கன்னா ஏதோ ஒரு கடையில அச்சாயிடுச்சுன்னு அர்த்தம். எந்தக் கடைன்னு நான் சொல்லப் போறதில்லை. இப்போதைக்குச் செருப்பை மாட்டிக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் வந்துட்டேன். இடது பக்கம் சலவைக்கடை, வலது பக்கம் பஸ் ஸ்டாப். எந்தப் பக்கம் திரும்பணும்னு நீங்களே சொல்லுங்க. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க. முட்டி வலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது.