மிஞ்சிய ஒரு சொல்

ஒலிபெருக்கிக்கு வாய் அடைத்துப்போனது ஓர் இரங்கல் கூட்டத்தில். ஒலிபெருக்கி என்பது முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் ஏழெட்டுச் சங்கங்களுக்குத் தலைவர். மைக்கைக் கையில் வாங்கினால் திருப்பிக் கொடுத்த சரித்திரம் கிடையாது. பிரிவுபசாரக் கூட்டத்தில் அவர் பேசி முடிப்பதற்குள் அடுத்த ஆள் ஓய்வு பெறும் வயதுக்கு வந்துவிடுவார் என்பார்கள்.

அன்றைக்கு இறந்தவரைப் பற்றிக் கொஞ்சமும் தன்னைப் பற்றி நிறையவும் பேசியாகிவிட்டது. "ஆகவே, அன்னாரின் மறைவு..." என்றவர் அப்படியே நின்றார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. கூட்டம் அதை மௌன அஞ்சலி என்று எடுத்துக்கொண்டு எழுந்து தலை குனிந்தது. அவராகவே வாயை மூடியதில் சிலருக்கு உருக்கம், பலருக்கு நிம்மதி. மேஜையோடு சேர்ந்து அவர் சரிந்த பிறகுதான், அஞ்சலி ஆள் மாறிப் போய்ச் சேர்ந்தது தெரிந்தது.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கையும் காலும் அவருடையதாக இல்லை. அத்தனை ஆயிரம் சொற்களில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

"சரி."

அலுவலகத்தில் "முடியாது", வீட்டில் "கூடாது", மேடையில் "நான் இன்னும் முடிக்கவில்லை" என்றே காலத்தை ஓட்டியவருக்கு, எஞ்சியது இந்தச் சொல். மண்டைக்குள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. வாக்கியங்கள் வழக்கம்போல அணிவகுத்துக் கிளம்பும். உதட்டுக்கு வரும்போது மட்டும் எல்லாம் உதிர்ந்துபோய் "சரி" என்று விழும்.

சங்கத்துச் செயலாளர் பழங்களோடு பார்க்க வந்தார். "அண்ணே, உங்க உடம்பு தேறுறவரைக்கும் தலைவர் பொறுப்பை நானே பார்த்துக்கட்டுமா?"

போடா திருட்டுப் பயலே, இதுக்காகத்தானே பழத்தைத் தூக்கிட்டு வந்தே என்று அவர் சொன்னார். "சரி" என்று கேட்டது.

"இந்த மனசு யாருக்கு வரும்!" என்று செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழத்தில் ஒன்றைத் தானே உரித்துத் தின்றுவிட்டுத் தலைவராகப் போனார்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்தாள். பேத்தி வயது. முதல் நாளே விஷயத்தைப் பிடித்து அவர் மனைவியிடம் சொன்னாள்.

"அம்மா, ஐயா 'சரி'ங்கறது சம்மதம் இல்லை. வாயில தங்கிப்போன ஒரு சத்தம், அவ்வளவுதான். நாம பேசறது அவருக்குப் புரியுது. பதில் சொல்லத்தான் வழி இல்லை. அதனால ஒரு வழி பண்ணிக் கொடுப்போம்."

அவள் கொடுத்த வழி, இடது கை. நெஞ்சில் வைத்தால் ஆமாம். பக்கவாட்டில் வீசினால் வேண்டாம். கூடவே ஓர் அட்டை: டம்ளர், தலையணை, கழிப்பறை, ஜன்னல் என்று படங்கள்.

ஒலிபெருக்கிக்கு ரத்தம் கொதித்தது. இந்தக் கையை ஓங்கித்தானே சபைகளை அடக்கினோம், இப்போது டம்ளர் படத்தைத் தொட்டுக் காட்டவா? அட்டையைத் தட்டிவிட்டார். அது கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

"சரி!"

"என்னம்மா சொல்றார்?" என்றாள் பெண்.

"படம் போட்ட அட்டை குழந்தைக்குத்தானாம்" என்றாள் மனைவி, துணியை மடித்துக்கொண்டே. "அப்புறம் அந்த ஃபேனைக் குறைக்கணுமாம்."

பெண் வாயைப் பிளந்தாள். அவர் நினைத்தது எழுத்துப் பிசகாமல் அதுதான்.

"எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?"

"அவர் நல்லாப் பேசிட்டிருந்தப்பவும் நான் பேச்சை வெச்சுப் புரிஞ்சுக்கிட்டதில்லைம்மா. செருப்பைக் கழட்டி விடுற சத்தத்திலேயே தெரிஞ்சிடும், இன்னிக்குத் தட்டு பறக்குமா பறக்காதான்னு."

பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பேச்சை மாற்றினாள். "நீங்க வேலைக்குப் போனீங்களாம்மா?"

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தேன். ஊரெல்லாம் என் குரலைக் கேட்டுத்தான் அடுத்த ஊரோட பேசும். கல்யாணத்துக்கு அப்புறம் விடச் சொன்னார். எங்க மேலதிகாரி அம்மா நேர்லயே வந்து, உனக்கு இதுல சம்மதமான்னு என்னைப் பார்த்துக் கேட்டாங்க. 'அவளுக்குச் சரிதான்'னார் இவர்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காப்பி கொண்டுவந்து வெச்சேன். எங்க அம்மாவை வீட்டைவிட்டு அனுப்பினப்பவும் இதேதான். அண்ணன் கேட்டான், 'அவளுக்குச் சரிதான்'னார்."

கட்டிலில் கிடந்தவருக்கு இது புகழ்ச்சியாகவே காதில் விழுந்தது. எத்தனை சிக்கலான விஷயங்களை ஒரே வார்த்தையில் முடித்திருக்கிறோம்!

பெண் விடவில்லை. "ஐயா, கையை மட்டுமாவது பழகிக்குங்க. அம்மா பக்கத்துல இல்லாத நேரம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

இல்லாத நேரமா? அவள் எங்கே போய்விடப் போகிறாள்? ஒலிபெருக்கி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பெண் வரும்போதெல்லாம் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வது அன்றிலிருந்து வழக்கமாயிற்று.

மனைவிக்கு முதுகு விட்டுப்போயிற்று. புரட்டிப் போட வேண்டும், துடைக்க வேண்டும், ஊட்ட வேண்டும். ஊட்டியது சூடாக இருந்தால் மூஞ்சியில் துப்புவார். அதையும் துடைப்பாள். "சரி" என்பார். என்ன திட்டு என்று அவளுக்குத் தெரியும்.

மகன் கம்பெனிகளுக்குப் போய்ப் பேச்சுத்திறன் வகுப்பு நடத்துகிறவன். 'காது கொடுத்துக் கேட்கும் கலை' என்று அவன் நாள் முழுக்க இடைவிடாமல் பேசுவான். யாராவது சந்தேகம் கேட்டால், கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு இல்லத்தின் மேலாளரோடு வந்து சேர்ந்தான்.

"அப்பா, நல்ல இடம். நர்ஸ் இருக்காங்க, தோட்டம் இருக்கு. அம்மாவால முடியலை, பாருங்க. போகலாமாப்பா?"

கூட்டாளி ஒருவர் அந்த மாதிரி இடத்தில் கிடந்தது ஒலிபெருக்கிக்குத் தெரியும். வரிசையாகக் கட்டில்கள், காலையில் எல்லாருக்கும் ஒரே வாளியில் முகம் துடைப்பு. அங்கே இவருடைய 'சரி'யில் எந்தச் 'சரி' எது என்று யாருக்குத் தெரியும்? செத்தாலும் இந்தக் கட்டிலில்தான்.

வரமாட்டேன், இது என் வீடு என்றார்.

"சரி."

"சொன்னேன்ல சார்!" என்றான் மகன்.

மேலாளர் நிதானமான மனிதர். பேனாவை எடுக்கவில்லை. "இல்லீங்க. பேச்சுப் பயிற்சி கொடுக்கற மேடம் போன்ல சொல்லியிருக்காங்க. அவர் 'சரி'ங்கறதை நம்பக் கூடாதாம். இஷ்டமில்லாத ஆளை நாங்க சேர்க்கறதில்லை."

ஒலிபெருக்கிக்கு அந்தப் பெண் மேல் முதன்முறையாக மதிப்பு வந்தது. போர்வைக்குள்ளிருந்து இடது கையை உருவினார். பழகாத கை சொன்னபடி கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பக்கவாட்டில் வீசினார். மறுபடியும் வீசினார்.

"பாருங்க, டாட்டா காட்டறாரு! இப்பவே கிளம்பிட்டாரு!" என்று மகன் சிரித்தான். அந்தப் பாடம் நடந்தபோது அவன் ஊரில் இல்லை.

மேலாளருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "கூடவே இருக்கறவங்களைக் கேட்டா சரியாச் சொல்லுவாங்கன்னும் மேடம் சொன்னாங்க. அம்மா, உங்களுக்குத்தானே அவர் சொல்றது புரியும்? அவருக்கு இதுல சம்மதமா?"

ஒலிபெருக்கி கையைக் கீழே போட்டார். அப்பாடா. இனி அவள் பார்த்துக்கொள்வாள்.

மனைவி அருகில் வந்தாள். கடைவாயில் வழிந்ததைத் துடைத்தாள். வீசிக் களைத்த கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்து ஓரத்தைச் செருகினாள். அவர் கண்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

"அவருக்குச் சரிதான்" என்றாள்.

அவர் கத்தினார். இத்தனை காலம் மேடையில் கத்தியதெல்லாம் ஒன்றுமில்லை. "சரி! சரி! சரி!"

"போதும்ப்பா, கேட்டுடுச்சு" என்று மகன் தோளைத் தட்டினான்.

"நல்லாத் தெளிவாச் சொல்றாரே" என்று மேலாளர் பேனாவைத் திறந்தார்.

அவள் முகத்தில் எதையாவது படிக்க முடியுமா என்று மனைவியைத் தேடினார். அவள் அடுப்படியில் இருந்தாள். வந்தவர்களுக்குக் காப்பி கலக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை வைத்து அவள் மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பார்த்தார். பழக்கமில்லை, ஒன்றும் பிடிபடவில்லை.

காப்பி குடித்து, கையெழுத்து முடிந்து, எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.