வலப்பக்க இருக்கைக்குச் சூடு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: வடக்கு டகோட்டா மாநிலம், ஹெக்னா ஊராட்சியின் தலைவரும், லூத்தரன் சபைக் கொதிகலன் கமிட்டியின் நிரந்தர உறுப்பினரும், பிறர் வேலையில் குற்றம் காண்பதில் முப்பதாண்டு அனுபவம் வாய்ந்தவருமான ஆர்வின் ஸ்டென்ஸ்ருட் அவர்கள், தமது பிக்கப் வண்டியின் வலப்பக்க இருக்கைக்கு மின்சூடு பொருத்தும் மாபெரும் பணியை, எந்த மெக்கானிக்கின் தயவுமின்றித் தாமே நிறைவேற்றுவார்.

தானியக் கிடங்கின் காப்பி மேசையில் ஏறக்குறைய இப்படித்தான் சொன்னார்.

"ஒரு பக்கம் மட்டுந்தானா? உன் பின்பக்கம் என்ன, இரும்பா?" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த வாலஸ்.

"வண்டிய விக்கும்போது நல்ல விலைக்குப் போகும்டா."

ஒரு இருக்கை மட்டும் சுட்டால் விலை எப்படி ஏறும் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் நாட்டில் ஓட்டுபவர் இடப்பக்கம்; வலப்பக்கம் உட்காருவது யாரென்று ஊருக்கே தெரியும். என் அக்காள் வெர்டிஸ். ஆர்வினின் மனைவி.

அக்காளுக்குக் குடலில் புற்று. இரண்டு வாரத்துக்கொரு முறை, தொண்ணூறு மைல் தள்ளி, நகரத்து ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுவார்கள். அந்த மருந்துக்கு ஒரு குணம். ஏற்றிய பிறகு குளிர்ந்தது எது பட்டாலும் மின்சாரம் பாய்ந்த மாதிரி வலிக்கும். அடுப்புக் கையுறை போட்டுக்கொண்டுதான் பிரிட்ஜைத் திறப்பாள். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டில் நான்கு மணி நேரம் வெளியே நின்ற ரெக்சின் இருக்கை எப்படி இருக்கும்? போன முறை திரும்பும்போது நாற்பது மைல் அழுதாள். மறுநாள் காலை சொல்லிவிட்டாள்.

"இனிமே நான் வரல. சாகறதுன்னா வீட்டுலயே சாகறேன், கதகதப்பா."

"சீட்டுக்குச் சூடு போட்டா வருவியா?" என்று கேட்டார் ஆர்வின்.

"போட்டா வர்றேன்," என்றாள்.

இன்னும் ஆறு தடவை பாக்கி இருந்தது.

கராஜில் இரண்டு நாள் வேலை. இருக்கையைக் கழற்றி, உறையைப் பிடித்திருந்த கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டி, மெல்லிய சூட்டு விரிப்பை உள்ளே ஒட்டினார். நான் டார்ச் பிடித்தேன். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில், ரிலே என்ற இடைச்சுவிட்ச் வழியாகத்தான் சிவப்பு வயரைக் கொடுக்க வேண்டும் என்று விளக்கத்தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"இத எழுதினவன் பனியே பாக்காத ப்ளோரிடாக்காரனா இருப்பான்," என்றார். "ஆஸ்பத்திரியில என்ஜின ஓடவிடக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கான். நான் அவள தனியா விட்டுட்டு வெளிய வந்து வண்டிய சூடேத்தவும் மாட்டேன். ஆனா அவ வந்து உட்காரும்போது சீட்டு சூடா இருக்கணும். நேரா பேட்டரில குடு."

"பேட்டரி எறங்கிடாதா?"

"டெல்மர், இந்த ஊராட்சிக்கு ரோடு போட்டவன் நான்."

ரோட்டுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மூவரும் போனோம். ஸ்விட்சைப் போட்டுவிட்டுத்தான் இறங்கினார். உள்ளே ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் அவள் பக்கத்தைவிட்டு அவர் அசையவில்லை. அப்புறம் தரை துடைக்க வந்த ஒருவர், ஆர்வினின் இருக்கைப் பெருமையைக் கேட்டுவிட்டு, தன் வண்டிக்கும் அப்படி ஒன்று போடவேண்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். போதாதா? அந்த மனிதரைக் காப்பி எந்திரம் வரை தள்ளிக்கொண்டு போய், காகிதத் துண்டில் வயர்ப் படம் வரைந்து வகுப்பெடுத்தார். நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது அக்காள் டாக்டர் அறை வாசலில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மருந்து ஏத்தலையா?" என்றார் ஆர்வின்.

"இன்னிக்கு இல்லியாம். போலாம்."

வண்டியில் பயந்து பயந்து உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றி, வெறுங்கையை இருக்கைமேல் வைத்தாள்.

"சூடா இருக்கு ஆர்வின்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு தேர்தல் ஜெயித்த களை. சாவியைத் திருப்பினார். 'டக்' என்றது. மறுபடி திருப்பினார். 'டக்.'

எங்கள் பக்கத்தில் வண்டி கிளம்பாவிட்டால் யாரையும் கூப்பிட வேண்டாம். பானெட்டைத் தூக்கினால் போதும். ஐந்து நிமிடத்தில் ஐந்து பேர், ஆறு ஜோடி கேபிள், ஏழு அபிப்பிராயம்.

"எந்தப் புண்ணியவான்யா இத நேரா பேட்டரில குடுத்தது?" என்றார் ஒரு கிழவர், தலையை உள்ளே விட்டு.

முப்பதாண்டு அனுபவம் சற்று யோசித்தது. "நான்தான்."

கண்ணாடிக்குப் பின்னால் அக்காள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றே நினைத்தேன்.

பக்கத்து வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் மாட்டியதும் என்ஜின் உறுமியது. ஆர்வின் ஏறிக் கதவைச் சாத்தினார். மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது.

"அடுத்த தடவைக்குள்ள ரிலே போட்டுடறேன். இந்த மானக்கேடெல்லாம் இருக்காது."

"அடுத்த தடவை இல்ல, ஆர்வின்."

"சீட்டுதான் சூடா இருக்கே! போட்டா வர்றேன்னு சொன்னியே வெர்டிஸ்."

"நான் வருவேன். மருந்துதான் கேக்கலயாம். ஈரலுக்குப் போயிடுச்சாம். இனி ஏத்தறதுல பிரயோஜனம் இல்லன்னுட்டாரு டாக்டர்."

"எப்ப சொன்னாரு?"

"நீ படம் வரைஞ்சிக்கிட்டிருந்தப்ப."

வழியில் ஒருமுறை அவர் கை ஸ்விட்சுக்குப் போனது. கூட்டுவதா குறைப்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றது.

"இருக்கட்டும்," என்றாள்.

சனிக்கிழமை அவர் ரிலே வாங்கி, விளக்கத்தாளை வரிவரியாகப் படித்து, முறைப்படி பொருத்தினார். அக்காள் அந்த வண்டியில் மறுபடி ஏறவில்லை.