மெயிலின் அடியில் ஒரு பாட்டு

'அம்மாவின் கண் மருந்து தீர்ந்துவிட்டது. சாயந்திரம் வாங்கிப் போய்விடு குட்டி.' அக்காவின் மெயிலில் விஷயம் அவ்வளவுதான். அதற்குக் கீழே ஏழு வரி. மைக்கைப் பிடித்துக் கண்மூடி நிற்கும் அக்காவின் படம், பெயர், தடித்த எழுத்தில் 'பாடகி', அடுத்த நிகழ்ச்சியின் நாள், அரங்கின் விலாசம், இருக்கை பதிவு செய்ய ஓர் இணைப்பு, கடைசியில் நீல எழுத்தில் 'ஒரு பாட்டு கேட்டுவிட்டுப் போங்களேன்'. யாருக்கு எழுதினாலும், எதற்கு எழுதினாலும் இந்த ஏழு வரியும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெற்றவளின் கண் மருந்துக்குக்கூட விளம்பரமா என்று பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்திருந்த தங்கைக்கு வயிறு எரிந்தது.

எரிச்சல் அன்றைக்குப் பிடித்ததல்ல. இருவரும் ஒரே வாத்தியாரிடம், ஒரே ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்து கற்றவர்கள். பெரியவளைப் பற்றிப் பேசினால் வாத்தியார், "குரல்னா அது குரல்" என்பார். சின்னவளுக்கு, "சுருதி சுத்தம்." சுத்தம் என்பது ஒரு பாராட்டா, சொல்லுங்கள்? துவைத்த துணியைக்கூட நாம் அப்படித்தான் சொல்கிறோம். அக்கா மேடை மேடையாக ஏறினாள். தங்கை, வருகிறவர்களின் பல்லைப் பற்றி விசாரித்து, முறை எழுதிக்கொடுக்க உட்கார்ந்தாள். ஆனாலும் பாடுவதை விடவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை நூலகத்தின் மாடி அறையில் பாடுவாள். போன வருஷம் வந்தவர்கள் ஆறு பேர். அதில் அம்மா ஒருத்தி, அறையைப் பூட்டுவதற்காகக் காத்திருந்த காவலாளி ஒருவர்.

இந்த வருஷ நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருந்தது. அவள் மருத்துவமனையிலிருந்து நாளொன்றுக்கு நாற்பது மெயில் அனுப்புகிறாள். 'நாளை காலை பத்து மணிக்கு உங்கள் முறை. பல் துலக்கிவிட்டு வரவும்.' அதற்குக் கீழே வெற்றிடம் சும்மாதானே கிடக்கிறது! டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"போட்டுக்கோயேன். இங்க வர்றவங்க கேக்கறதெல்லாம் என் மெஷின் சத்தம்தான். பாட்டும் கேக்கட்டும், பாவம்."

அக்காவின் ஏழு வரியை அப்படியே எடுத்துத் தன் மெயிலில் ஒட்டினாள். படத்தை மாற்றினாள், பெயரை மாற்றினாள், நாளையும் இடத்தையும் மாற்றினாள். 'பாடகி' என்ற சொல்லை மட்டும் தொடவில்லை. அதை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள்.

நான்காம் நாள், பல்செட் சரியாகப் பொருந்தாத பஸ் ஓட்டுநர் வந்தார். ஓய்வுபெற்றவர், லேசில் எதையும் மெச்சாதவர். மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"ஏம்மா, மெயிலுக்கு அடியில இருந்த பாட்டக் கேட்டேன். நாலு தடவ கேட்டேன். என் வீட்டுக்காரி அடுப்ப அணைச்சுட்டு வந்து உக்காந்துட்டா."

"நெஜமாவா?"

"இந்தக் குரல வச்சுக்கிட்டு எங்க பல்ல எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கியேம்மா! அந்தச் சனிக்கெழம கச்சேரிக்கு நாங்க வர்றோம். மொத வரிசை."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தடுத்து இன்னும் பலர் சொன்னார்கள். ஈறு வீங்கிய ஆசிரியை வாயைத் திறக்க முடியாமல், கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள். பத்து நாள் தங்கையின் நடையே வேறாக இருந்தது. இத்தனை காலம் கேட்க ஆளில்லாமல்தான் போயிற்று, குரலில் குறையில்லை என்று அவளுக்குள் ஒரு கணக்கு நேராயிற்று. அக்காவின் மெயில் வந்தால் அந்த ஏழு வரியை இப்போது சிரித்துக்கொண்டே தாண்டிப் போக முடிந்தது.

அந்தத் தெம்பில்தான் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகும் நாளை அக்காவுக்கு மருத்துவமனை மெயிலிலிருந்தே எழுதினாள். பார்க்கட்டுமே என்றுதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"குட்டி, என் பாட்டயாடி உன் மெயில்ல போட்டிருக்க?"

"எந்தப் பாட்ட?"

"தெரியாத மாதிரி கேக்கற பாரு. போன வாரத்துலேர்ந்து கேக்கறவங்க எண்ணிக்கை ஏறிட்டே இருக்கு, எங்கேர்ந்துன்னு தெரியாம இருந்தேன். உன் நிகழ்ச்சிக்கு நடுவுல என் பாட்டயும் வச்சிருக்கியே... இத்தன நாளா உனக்கு என்மேல பொறாமைன்னு நெனச்சிட்டிருந்தேன்டி. மன்னிச்சுக்க. சனிக்கெழம நானும் வரேன். கடைசி வரிசைல உக்காந்துக்கறேன், யாருக்கும் தெரியாது."

திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? "சரிக்கா" என்று போனை வைத்தாள். நீல எழுத்தை அழுத்தினாள். படமோ பெயரோ இல்லை, குரல் மட்டும். அக்கா பாடினாள்.

நடந்தது இதுதான். நீல எழுத்துக்குப் பின்னால் இருக்கும் முகவரியை மாற்றப் போன நேரத்தில் தொலைபேசி அடித்திருக்கிறது. யாருக்கோ பல் பிடுங்க நாள் குறித்துவிட்டுத் திரும்பியவள், மாற்றியாகிவிட்டது என்று நினைத்துச் சேமித்துவிட்டாள். வார்த்தை ஒன்றேதான். பின்னால் இருந்தது அக்கா.

நிறுத்தலாம் என்று விரலைக் கொண்டுபோனவளால் நிறுத்த முடியவில்லை. முழுவதும் கேட்டாள். நாலு தடவை கேட்கத்தான் தோன்றும், அப்படி இருந்தது. அதுதான் அவளை அதிகம் சுட்டது. சோற்றை மூடி வைத்துவிட்டு முகவரியை மாற்றினாள். அடுத்து வந்த நாட்களில் போன மெயில்களின் அடியில் அவள் குரல்தான் இருந்தது. பாட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை மாடி அறையில் இருபத்து மூன்று பேர். ஓட்டுநர் மனைவியோடு முதல் வரிசையில், சலவைச் சட்டையில். அக்கா சொன்னபடி கடைசியில், தூணை ஒட்டி. அவளுக்குத் துணையாக வாசிக்க வந்த கிட்டார்காரர் தந்திகளை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல அந்தப் பாட்டப் பாடும்மா," என்றார் ஓட்டுநர். "இவ அதுக்காகத்தான் வந்திருக்கா."

அந்தப் பாட்டு அவளுக்கும் தெரியும். பாடிவிடலாம். தொண்டை சரியில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும், பாதிப் பேர் நம்பிவிடுவார்கள், மீதிப் பேர் இரக்கப்படுவார்கள். பொய் நாக்கு நுனிவரை வந்தது. கடைசி வரிசையில் அக்கா சின்னப் பெண்போல இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கேட்டது என் குரல் இல்லீங்க," என்றாள். "எங்க அக்கா பாடினது. நான் தப்பா ஒட்டிட்டேன். அக்காவுக்காகப் போடல. என் பாட்டுன்னு நெனச்சுத்தான் போட்டேன். அதோ, தூண்கிட்ட உக்காந்திருக்கா."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. இருபத்து இரண்டு பேரும் திரும்பினார்கள். "அவங்களா! அவங்க குரலா அது!" என்று ஓட்டுநரின் மனைவி பாதி எழுந்தாள். அக்காவின் முகம் வெளுத்தது. மேடையைப் பாருங்கள் என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். யாரும் பார்க்கவில்லை.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் கிட்டார்காரர், மெதுவாக.

தங்கைக்கு எதிரே இப்போது முகங்கள் இல்லை, பிடரிகள்தான். மழித்த பிடரி, நரைமுடி சுருண்ட பிடரி, சங்கிலிக் கொக்கி மின்னும் பிடரி. ஓட்டுநரின் தடித்த கழுத்தில் இரண்டு மடிப்பு. அவள் அந்தப் பாட்டை எடுக்கவில்லை. தன்னுடைய ஒன்றை எடுத்தாள், தாழ்ந்த சுருதியில், யாரையும் கூப்பிடாத குரலில். முதல் வரி முடிந்தது. யாரும் அசையவில்லை. இரண்டாம் வரியின் நடுவில், ஓட்டுநரின் கழுத்தில் இருந்த இரண்டு மடிப்பில் ஒன்று ஒரு பக்கமாக ஆழமாகிக்கொண்டு வந்தது. தலை மெல்லத் திரும்ப, அவர் காது அவள் பக்கம் வந்தது. அவள் அந்தக் காதைப் பார்த்துப் பாடினாள்.