பசை காயும் வரை

"ஜட்ஜையா பசைப் புட்டியோட உடனே வரச் சொன்னாரு" என்று நீதிமன்றச் சேவகர் அச்சகத்துக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார். அங்கே கூண்டில் நிற்பது என் அண்ணன் என்று எனக்குத் தெரியும். பசை எதற்கு என்றுதான் தெரியவில்லை.

அரசு அச்சகத்தில் எனக்கு ஒட்டும் வேலை. விடுதலை கிடைத்த வருடம் புதிய அரசியல் சட்டத்தைப் பெரிய பெரிய எழுத்தில் அச்சடித்ததில் நாட்டிலிருந்த காகிதமெல்லாம் தீர்ந்துபோனது. ஆகவே வெள்ளைக்காரன் விட்டுப்போன தண்டனைச் சட்டப் புத்தகத்தையே வைத்துக்கொண்டு, 'மன்னர்' என்று இருந்த இடங்களில் 'குடியரசு' என்ற சீட்டை ஒட்டச் சொன்னார்கள். நாற்பதாயிரம் சீட்டு ஒட்டினேன். ஆறு மாதம் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிரியவே இல்லை. சாட்சி சொல்ல மனைவி இருந்தாள், இப்போது இல்லை.

அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். மன்னரை எதிர்த்து அறிக்கை போட்டு இரண்டு வருடம் சிறையில் இருந்தவர். போன மாதம் நம்முடைய அரசு ஊர்வலங்களுக்குத் தடை போட்டதும் இன்னோர் அறிக்கை போட்டார். அதே சட்டப் பிரிவில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நான் போனபோது மன்றமே சிரித்துக்கொண்டிருந்தது. அரசு வக்கீல் தண்டனைச் சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு இருந்த பக்கத்தைத் திறந்ததும், கரப்பான் பசையைத் தின்றுவிட்ட சீட்டு பறந்துபோய் அவர் மூக்கிலேயே உட்கார்ந்துகொண்டதாம். அடியில் பழைய மன்னர், அப்படியே.

"ஐயா, இவரை எதிர்த்ததுக்கு ஏற்கெனவே ரெண்டு வருஷம் இருந்தாச்சு. அந்தாளே கப்பலேறிப் போயிட்டாரு. நான் வீட்டுக்குக் கிளம்பலாமா?" என்றார் அண்ணன்.

நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. "புத்தகத்துல இருக்கறதத்தான் நான் படிக்க முடியும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஒட்டுங்க."

புட்டியைக் கை தவறவிட ஒரு நொடி போதும். ஆனால் இருபது வருடத்தில் ஒருமுறைகூடக் கை தவறாதவன் என்று எனக்கு நற்சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

"நீயாடா ஒட்டப்போற?"

"வேலைண்ணே."

"அப்ப ஓரத்துல நல்லா தடவு. தூக்கிக்கிச்சுன்னா நாளைக்கு எவனாவது தப்பிச்சிடப் போறான்."

தடவினேன். ஒட்டினேன். ஈரம் காயாமல் வாசிக்க முடியாது என்றார் வக்கீல். மின்விசிறி ஓடவில்லை. நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேசைமேல் குனிந்து, கன்னங்கள் உப்ப அந்தச் சீட்டை ஊதத் தொடங்கினார்.