கொதிக்காத தொட்டி

விடிவதற்கு முன்பே மருத்துவமனை வேன் சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டது. மழைக்காலத்தில் அதற்கு நேரம் காலம் கிடையாது. மருத்துவமனை நிரம்பி வழியும்போதெல்லாம் வரும். பெண்கள் வரிசையாக நின்று மூட்டைகளைக் கைமாற்றி உள்ளே கடத்தினார்கள். நனைந்த படுக்கை விரிப்பு பிணக்கனம் கனக்கும். அதிலிருந்து முதுகில் ஒழுகுவது மழைத்தண்ணீர் மட்டும் அல்ல என்று எல்லோருக்கும் தெரியும்.

மூட்டைகளை அவிழ்த்து உதறுவது குச்சியின் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று இருந்ததால் சலவைக்கூடத்தில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கொடியில் துணி போட இவளுக்கு முக்காலி வேண்டாம் என்று கூடத்திலேயே மூத்தவளான பெரியக்கா கேலி செய்வாள். உதறினால் பஞ்சு விழும், ஊசி விழும். உதறி முடித்ததும் தொட்டியில் இறங்கி மிதிக்க வேண்டும். சலவைக்காரம் அவள் கால்விரல் இடுக்குகளை எப்போதோ தின்றுவிட்டது.

வாந்திபேதி வார்டு மூட்டைக்கு மருத்துவமனையில் சிவப்பு நாடா கட்டி அனுப்புவார்கள். அதைத் தனியே பிரித்து, கொதிக்கும் தொட்டியில் அவித்த பிறகுதான் மற்றத் துணியோடு சேர்க்க வேண்டும். மழை பிடித்து விறகு நனைந்ததும் அந்த வழக்கம் நின்றுபோனது. காய்ந்த விறகு வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை. மதியம் இஸ்திரிக்கு மட்டும் பாய்லரை மூட்டினால் போதும், காலையில் மருந்துத்தூளைப் போட்டு அலசுங்கள் என்று சொல்லிவிட்டார். சிவப்பும் வெள்ளையும் ஒரே பச்சைத்தண்ணீரில் விழுந்தன.

யாரும் ஏனென்று கேட்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அடைமழையில் வீட்டில் துணி காயாது. பெண்கள் தங்கள் பிள்ளைகளின் ஈரச் சட்டைகளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, இஸ்திரி அறையின் நீராவிக் குழாய்மேல் போட்டு உலர்த்திக்கொள்வார்கள். முதலாளி கண்டும் காணாததுபோல் இருந்தார். பாய்லரைப் பற்றிப் பேசினால் இந்தச் சலுகையும் போய்விடும் என்று பெரியக்காதான் எல்லோர் வாயையும் அடைத்தாள். அவிக்காத விரிப்புகள் மேலே கொடியில் சொட்ட, கீழே குழாயில் பிள்ளைகளின் சட்டைகள் காய்ந்தன.

மழை வந்தால் சாக்கடை குடிநீர்க் குழாய்க்குள் ஏறும், பேதி வீதிவீதியாகப் போகும். அது வருஷாவருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போன பிள்ளைகளும் பேதி கண்டு கிடந்தார்கள். பெரியக்காவின் பேரன் அப்படித்தான் போய்ச் சேர்ந்தான். அடக்கம் முடிந்த மறுநாளே அவள் தொட்டிக்கு வந்துவிட்டாள். வராமல் இருந்தால் அடுப்பு எரியாது.

நேற்றுக் குச்சியின் மகளுக்கும் பேதி கண்டது. மத்தியானத்துக்குள் கண் குழிவிழுந்துவிட்டது. மழையால் கட்டட வேலை இல்லாமல் வீட்டில் இருந்த புருஷன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சாயங்காலம் குச்சி போய்ப் பார்த்தபோது ஒரே கட்டிலில் மூன்று பிள்ளைகள் கிடந்தார்கள். மகளின் கையில் குளுக்கோஸ் ஊசி ஏறியிருந்தது. அழக்கூடத் தெம்பில்லை, உதடு மட்டும் அசைந்தது. கீழே விரித்திருந்த விரிப்பின் மூலையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட கருகல். முந்தின நாள் அவள் கையால் மடித்து அனுப்பியது அது. எந்தத் தண்ணீரில் மிதித்தோம் என்று அவளுக்குத் தெரியாதா?

ஆகவே இன்று காலை அவள் முதல் சிவப்பு மூட்டையை அவிழ்த்ததோடு நிறுத்திவிட்டு, நேராக முதலாளியின் அறை வாசலில் போய் நின்றாள். பாய்லரை மூட்டச் சொல்லுங்கள் என்றாள்.

"மகளுக்கு முடியலையாமே? உன் வீட்டுத் தண்ணியில வந்ததுக்கு என் விறகு என்னம்மா பண்ணும்?"

"தண்ணியில வந்திருக்கலாம் முதலாளி. ஆனா வந்த நோயை நாமதான் மடிச்சு மடிச்சுத் திருப்பி அனுப்பறோம்."

முதலாளி எழுந்து இஸ்திரி அறைக்கு நடந்தார். குழாய்மேல் கிடந்த சட்டைகளைக் குடைக்காம்பால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். குச்சியின் மகளுடைய மஞ்சள் கவுன் கழிவுநீர் ஓடையில் விழுந்து சுழன்று போனது.

"ஆஸ்பத்திரித் துணி நடுவுல வீட்டுக் கந்தலைக் காயப்போட்டது யாரு? நானா? நாளைக்கு எவனாவது கேட்டா நீங்கதான் நோயைக் கொண்டு வந்தீங்கன்னு சொல்லுவேன். நீ இனிமே வர வேண்டாம்."

மற்றப் பெண்கள் ஓடையில் போன கவுனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குச்சிக்கு அவர்கள்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. பாவிகளே, உங்கள் பிள்ளைகளும் அதே குழாயில் காய்ந்ததைத்தானே போட்டிருக்கிறார்கள் என்று கத்த நினைத்தாள்.

அதற்குள் பெரியக்கா தொட்டியிலிருந்து மெல்ல வெளியே வந்தாள். குச்சி அவிழ்த்துப்போட்ட மூட்டையின் நான்கு முனைகளையும் இழுத்துச் சேர்த்து, சிவப்பு நாடாவை எடுத்து மறுபடியும் கட்டினாள். பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினாள்.

"எல்லாரும் கந்தல் காயப்போட்டோம். எல்லாரையும் பேச வேண்டாம்னு சொன்னவ நான். ஒரு சட்டை காயறதுக்காக வாயை மூடிக்கிட்டு ஒரு பிள்ளையைத் தூக்கிக் குடுத்துட்டேன். தண்ணி கொதிக்கிறவரைக்கும் இதை அவிழ்க்க மாட்டேன்."

இன்னொருத்தி தன் மூட்டையைக் கட்டினாள். பிறகு வரிசை முழுக்கக் கட்டிவிட்டு உட்கார்ந்தது. பாய்லர்காரர் சாம்பல் அள்ளும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து அவர்களோடு உட்கார்ந்தார்.

முதலாளி பதறவில்லை. உங்கள் இடத்துக்கு வேறு ஆள் கிடைக்க எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டார். பிறகு குச்சியின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மதியத்துக்குள்ள விரிப்பு போகலேன்னா உன் பிள்ளைதான் வெறும் கட்டில்ல கிடக்கும். யோசிச்சுக்கோ."

"கிடக்கட்டும். வெறும் கட்டிலைத் துடைக்கலாம் முதலாளி."

அவர் வேன்காரரைக் கூப்பிட்டு மூட்டைகளை வேறு சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். வேன்காரர் பெண்களைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். தூக்கிவிட ஆள் வேண்டும் என்றார். யாரும் எழவில்லை. முதலாளி தானே குனிந்தார். சிவப்பு நாடாவுக்கு ஒரு சாண் இருக்கும்போது கை நின்றது. கையை இழுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். எதையும் தொடாமலே துடைத்துக்கொண்டார். அதைக் கூடம் முழுவதும் பார்த்தது.

நீ பிள்ளையிடம் போ, இங்கே நாங்கள் இருக்கிறோம் என்று பெரியக்கா அவளை விரட்டினாள். குச்சி மழையிலேயே ஓடினாள்.

வார்டில் மகள் அதே விரிப்பில் கிடந்தாள். மூச்சு இருந்தது, மேலும் கீழுமாக, சீரில்லாமல் இருந்தது. குச்சி ஊசி அசையாமல் அவளைத் தூக்கிப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, விரிப்பின் ஒரு முனையை உருவினாள். மற்ற இரண்டு தாய்மாரும் எதற்கு என்று கேட்டார்கள். அவள் ஒளிக்காமல் சொன்னாள்: அவிக்காத துணி, மிதித்தவள் நான்தான்.

ஒருத்தி அவளை அடிப்பதுபோல் பார்த்தாள். பிறகு தன் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, விரிப்பின் எதிர்முனையைப் பிடித்து இழுத்தாள்.

"அடுத்த கட்டில்லயும் சொல்லணும்," என்றாள். "நீ வா, சேர்ந்து சொல்லுவோம்."